சோதனைச்சாவடியில் சுரங்கப்பாதை

2008 ஆவணி, வெள்ளி இரவு.

வாசித்துக்கொண்டிருக்கும் நாவலில் வரும் கோட்டையின் சுரங்கப்பாதைகள் விளங்கட்டும் என்று நான் கீறி வைத்திருந்த படம், இன்றைக்குச் சோதனைச்சாவடியில் புத்தகத்துக்குள்ளிருந்து விழுந்தது.

"இது எந்தக் கேம்ப்?" என்றான் ஆமிக்காரன், தெரிந்த கொஞ்சத் தமிழில்.

மந்திரவாதி, காணாமற்போன இளவரசி, அவளைத் தேடும் தோணிக்காரன் என்று வாசித்தவரைக்கும் கதையை நின்றபடியே சொன்னேன். தமிழ் தெரிந்த ஆமிப்பெண் ஒருத்தி அதை அவனுக்குச் சிங்களத்தில் சொன்னாள். பிறகு என்னிடம் உடைந்த தமிழில், "தோணிக்காரன் அவளைக் கண்டுபிடிச்சதா?" என்று கேட்டாள். இன்னும் அதுவரை வாசிக்கவில்லை என்றேன். சிரித்துவிட்டு, படத்தைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள்.

வீட்டில் அம்மா படத்தை அடுப்பில் போட்டுவிட்டார். "வாசிக்கிறதெண்டா சும்மா வாசி மனே, படம் கீறாத."

இளவரசி எந்தச் சுரங்கத்தில் நிற்கிறாள் என்று எனக்கு இப்போது குழம்பிவிட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். இன்றைக்கு அது போதும்.