பட்டி இருந்த சதுரம்

தாது வருஷம், ஐப்பசி 26

இந்த மாத மழையில் மேலக்காட்டு வரப்போரம் வெள்வேலங்கன்றுகள் முளைத்திருக்கின்றன. சிதறலாக இல்லை. நாற்று விட்டது போல ஒரே சதுரமாக, நெருக்கமாக.

அது அண்ணனின் ஆட்டுப்பட்டி இருந்த இடம். ஆடுகள் வேலங்காயைத் தின்று புழுக்கையோடு போட்ட விதை. மழையில்லாத இரண்டு வருஷமும் மண்ணுக்குள் கிடந்து இப்போது எழுந்து நிற்கிறது.

பாகம் பிரித்தபோது, அண்ணன் பட்டி அங்கே இருந்ததே இல்லை என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அண்ணனுக்கு அங்கே அனுபோகம் இல்லையென்று இடம் எனக்கு வந்தது. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷமே இறந்துபோனார்.

இன்று மத்தியானம் அண்ணி அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, பட்டியோட நாலு மூலையும் தெரியுதுங்களே."

சொல்லிவிட்டு நடந்தார்.

பொழுது சாய, ஆளில்லாத நேரம் பார்த்துப் போய்ப் பிடுங்கினேன். விரல் நீளக் கன்றுக்கு ஒரு சாண் வேர். முக்கால்வாசி கழுத்தில் ஒடிந்து, தலை மட்டும் கையோடு வந்தது. வேரெல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

ஓட்டின்மேல் மறுபடியும் மழை பிடித்துவிட்டது.