கையாலை என்றே எழுதச் சொன்ன மைனிக்கு

அன்புள்ள மைனி,

நீங்கள் இருந்தவரை உங்களிடம் தோற்றதாக நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது நாலுபேர் கேட்கச் சொல்கிறேன்.

அண்ணன் போனபிறகு மேட்டுவிளைத் தோட்டத்தையும் வீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற நாம் புதுக்கடைப் பத்திர ஆபீசுக்குப் போனது நினைவிருக்கிறதா? பத்திரம் எழுதுகிறவர் மேற்கு எல்லையில் ‘மதில்’ என்று போட்டார். நானும் தலையாட்டினேன். தானாகப் படித்து வந்தவன் அல்லவா, மதில் எனக்குப் புத்தகத்துச் சொல். கையாலை வெறும் விளைக்காட்டுப் பேச்சு.

நீங்கள் விடவில்லை. “மதிலு ஆளைத் தடுக்கும். கையாலை மண்ணைத் தாங்கும். ரெண்டும் ஒண்ணா, புலவரே? கையாலைன்னே எழுதச் சொல்லும்.”

‘கையாலை உட்பட’ என்று எழுதினார். இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை.

போன வாரம் கீழ்விளைக்காரன் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஜேசிபியோடு வந்தான். கல்ஃபிலிருந்து வந்த பையன். “மாமா, இது பொது மதிலு. எனக்க பாதிய நான் வெட்டுதேன்.” வெட்டினால் ஒரு மழையில் உங்கள் அடுக்களையும் உங்கள் மகள் படுக்கும் அறையும் கீழே வந்துவிடும். தாலுகா ஆபீசுக்கு ஓடிப்போய் மனு கொடுத்தேன். அதிலும் ‘மதில்’ என்றே எழுதித் தொலைத்தேன், மைனி!

“மாமாவே மதிலுன்னு எழுதியாச்சு. பொறவு என்ன?” என்று சிரித்தான்.

மகள் உங்கள் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துவந்தாள். மனுவின் பேரில் அளக்க வந்த சர்வேயர் வாசித்துவிட்டு, “கையாலைன்னா மேல்விளைக்குள்ளது. அதுதான் இங்கத்த வழக்கம். தொடக்கூடாது” என்றார். ஜேசிபி திரும்பியது. போகிறபோது அவன் முணுமுணுத்தான்: “செத்த பொறவும் மாமி விடமாட்டாவ போலிருக்கே.” இதைவிடப் பெரிய பாராட்டு உங்களுக்கு யார் தந்தார்கள்?

அவர்கள் போனபின் முதல்முறையாக அதை உற்றுப் பார்த்தேன். மதிலைப்போல் நிமிர்ந்து நிற்கவில்லை. மேட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது. சாந்து பூசாத கல்லிடுக்கில் மழைத் தண்ணீர் வழிந்துபோகிறது, மண் நிற்கிறது. இதையெல்லாம் நீங்கள் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?

இப்போது விளையை மகள் பெயருக்கு மாற்றுகிறோம். கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண், “தடுப்புச்சுவர்னு போடட்டா தாத்தா?” என்றாள். “போட்டா சாட்சி ஒப்பு போடமாட்டேன், மக்கா” என்றேன்.

கையாலை என்று அடிக்காமல் என் கையெழுத்து அதில் விழாது. தெற்கு மூலையில் சரிந்த கல்லையும் மழைக்குமுன் நானே எடுத்து அடுக்குவேன், சிமெண்ட் தொடாமல்.

உங்களோடு இரண்டு நாள் பேசாமலிருந்த
கொழுந்தன்