துல்கஅதா பிறை பதினாலு

பாய்,

மூன்று நாளைக்கு முன்பு பத்திரிகையின் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். "சார், சுனாமி நினைவு நாள் வருதுல்ல, பொண்ணு போட்டோவைக் கையில வச்சிக்கிட்டு நிப்பாரே ஒரு பாய், அவரை இந்த வருஷமும் ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க" என்றாள். அவர் ஆடி மாதமே தவறிவிட்டார் என்றேன். "ஐயையோ" என்றாள். ஒரு நொடிதான். "அப்ப பழைய படம் ஏதாவது இருக்குமா சார்?"

இல்லாமல் எங்கே போகும்? என் கம்ப்யூட்டரில் உங்களுக்கென்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. வருடத்துக்கு ஒன்றாக இருபது படம். நன்னிலத்துக் கடைத்தெருவில், உங்கள் பம்ப்செட் உதிரிபாகக் கடை வாசலில், ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். தாடி வருடத்துக்கு வருடம் வெளுக்கிறது. கையிலிருக்கும் படத்தில் உங்கள் மகள் ரிஸ்வானாவுக்கு இன்னும் பதினோரு வயதுதான். கடைசியாக எடுத்ததை அனுப்பினேன். இன்று டிசம்பர் இருபத்தாறு. காலையில் மை வாசம் போகாத பேப்பரில், மூன்றாம் பக்கத்து மூலையில் நீங்கள் நின்றீர்கள். டீக்கடையில் நாலு பேர் புரட்டினார்கள், ஒருவரும் நிறுத்திப் படிக்கவில்லை.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவன் நான்.

ரிஸ்வானாவின் அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான், பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக. ஸ்டூலில் உட்கார்ந்தவள் என் ஸ்டூடியோத் திரையைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், உங்க தாஜ்மஹால் ஒரு பக்கமா சாயுது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காசு கொடுத்து மாயவரத்துக்காரர் ஒருவரை வைத்து வரைந்தது. வெளியே, வாசல் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் மனைவியின் குரல் வந்தது. "வாய அடக்கிக்கிட்டு நேரா பாருடி." அவள் அடக்கவில்லை. அதனால்தான் படத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் அரைப்பரீட்சை லீவுக்கு இரண்டு பேரும் நாகூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார்கள். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? பிறகு என் ஸ்கூட்டரில் போனோம். வழியெல்லாம் இரு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. எதிரே ஜனங்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். நெகடிவ் என்னிடம் இருந்ததால் பிரிண்ட் போட்டு எடுத்து வந்திருந்தேன். அதைக் காட்டிக் காட்டித்தான் தேடினோம். உங்கள் மனைவிக்கு அப்படிக் காட்ட ஒரு படம் இல்லை. மறுநாள் மதியம் இருவரும் கிடைத்தார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வழியில் நான்தான் எதையோ பேசிக்கொண்டே வந்தேன். என் சுபாவம் அப்படி.

முதல் வருட நினைவு நாளுக்குப் பத்திரிகையில் ஆள் கேட்டார்கள். பகுதிநேர நிருபர் என்று ஒரு அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அந்தக் கிறுக்கில் உங்களைக் கூட்டி வந்து நிறுத்தினேன். "படத்தை நெஞ்சுகிட்ட புடிங்க பாய். கொஞ்சம் தலையைக் குனிங்க. போதும், போதும்." சொன்னதெல்லாம் செய்தீர்கள். என் படம் முதல் பக்கத்தில் வந்தது. ஊரில் எனக்குக் கை கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன், வெட்கம் கெட்டவன்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கடலில் பால் ஊற்றுவார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள், பேப்பரில் நீங்கள் வருவீர்கள். உலகம் துக்கத்துக்கு ஒரு தேதி கொடுத்துவிட்டு மீதி நாளெல்லாம் நிம்மதியாக இருக்கிறது.

எட்டாவது வருடம் புரட்டாசியில் என் வீட்டு மோட்டார் கெட்டுப்போய், அதற்குள் போடும் புஷ் வாங்க உங்கள் கடைக்கு வந்தேன். கடை பூட்டியிருந்தது. பின்னால் வீட்டுக்கு வந்தால், அப்போதிருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. நெய்ச்சோற்றைப் பொட்டலம் கட்டி அடுக்கி வைத்திருந்தீர்கள்.

"என்ன பாய் விசேஷம்?"

"வருஷ பாத்திஹா. இன்னிக்குத்தானே அவங்க நாள்."

எனக்குப் புரியவில்லை. "டிசம்பர்லல்ல வரும்?"

"அது உங்க பேப்பர் நாளு, ஸ்டூடியோக்காரரே. எங்களுக்குப் பிறைக் கணக்கு. துல்கஅதா மாசம், பிறை பதினாலு. வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துக்கிட்டே போகும்."

பாய், எனக்குத் தெரியாமல் இல்லை. என் அப்பா இறந்தது ஐப்பசித் தேய்பிறை தசமி. பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஐயரைக் கேட்டு, திதியில்தான் தெவசம் கொடுக்கிறேன். ஒரு வருடம்கூட இங்கிலீஷ் தேதியில் செய்ததில்லை. என் அப்பாவுக்கு நிலாவைப் பார்த்தவன், உங்கள் வீட்டுச் சாவுக்கு மட்டும் காலண்டரைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உறைக்க எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

"அப்புறம் ஏன் பாய் டிசம்பர்ல வந்து நிக்கறீங்க? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தீர்கள். "இன்னிக்கு யாரும் வர்றதில்ல. அன்னிக்கு நீங்களாவது வர்றீங்க" என்றீர்கள். மீதிப் பொட்டலங்களைப் பையில் அடுக்கிக்கொண்டே, "ஒண்ணு செய்யுங்களேன். பேப்பர்ல பேரைப் போடச் சொல்லுங்க. மகளைப் பறிகொடுத்த தந்தைன்னு மட்டும்தான் போடறாங்க. பேரைப் போட்டா, படிக்கிற யாராவது ஒருத்தர் வாய்ல அது வரும்ல?" என்றீர்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அந்த டிசம்பரில் படத்தோடு 'ரிஸ்வானா' என்று எழுதி அனுப்பினேன். வரவில்லை. போன் செய்து கேட்டேன். இடம் இல்லை என்றார்கள். சண்டை போட்டிருக்க வேண்டும். பெயர் வராவிட்டால் படம் கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அட்டையைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். உங்களிடம், "அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடும் பாய்" என்றேன். அதையும் வருடா வருடம் சொன்னேன்.

பிறை பதினாலுக்கு வருகிறேன் என்றும் சொன்னேன். ஒரு வருடம் வந்தேன். மறு வருடம் மறந்துபோனேன். ஒரு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்டபோது, "நகர்ற நாளு, உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் அந்த நாளில் உங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

இந்த முறை பெயரைப் பெரிதாக எழுதினேன். நீங்கள் இறந்ததையும் எழுதினேன். 'மகளைப் பறிகொடுத்த தந்தை' என்று போட்டு, பக்கத்தில் 'கோப்புப் படம்' என்று சேர்த்திருக்கிறார்கள். மத்தியானம் அட்டையைக் கவரில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். இருபது வருடம் தாமதமான ரோஷம். அங்கே அதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்த பிறகு பள்ளிவாசலுக்குப் போனேன். துல்கஅதா பதினாலு அடுத்து எப்போது வரும் என்று இப்போதிருக்கும் ஹஜ்ரத்தைக் கேட்டேன். "சித்திரைக்குள்ள வந்துடும். பிறை பார்த்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார். நீங்கள் இல்லாத முதல் வருடம் விட்டுப்போகக் கூடாது, சோற்றுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், ஓதிக் கொடுங்கள் என்றேன். அவருக்குச் சந்தோஷம். ஒரு நோட்டை எடுத்தார்.

"யார் யார் பேர்ல ஓதணும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

உங்கள் பெயரைச் சொன்னேன். ரிஸ்வானா என்றேன். பிறகு, "பாய் வீட்ல..." என்று இழுத்தேன். பேனா நின்றது. அவர் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, நீங்கள் கடைசியாக ஓத வைத்த பாத்திஹாவுக்குப் பிறகு வந்தவர். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்ல சௌக்கியமா என்று கேட்டிருக்கிறேன். வீட்லயும் பாப்பாவும் நாகூர் போயிருக்காங்களா என்று கேட்டிருக்கிறேன். நாகூரில் தேடிய இடத்திலெல்லாம், அடக்கத்தின்போதுகூட, 'பாய் வீட்ல' என்றேதான் சொன்னேன். அடுத்தவர் மனைவியின் பெயரைக் கேட்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டேன். வருடக்கணக்காக ஒரு பெயருக்காகப் பொய்ச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். இன்னொரு பெயர் இருப்பதையே நினைக்கவில்லை. நீங்கள் "பேரைப் போடச் சொல்லுங்க" என்றபோது இரண்டு பேரையும்தான் சொன்னீர்களோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

ஜமாத்தின் பழைய பதிவேட்டைத் தேடினால் கிடைக்கும் என்கிறார் ஹஜ்ரத். கிடைக்கட்டும், எழுதிக்கொள்ளட்டும். உங்களை நேரில் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அவங்க பேரு என்ன, பாய்?