வண்டிப்பேட்டைக் குழாயும் ராகு காலமும்

பதுளை, 1912, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்று லோக்கல் போர்டுக் கூட்டத்தில், வண்டிப்பேட்டைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தேன். பண்டாரவளையிலிருந்து அரிசி ஏற்றி வரும் வண்டிக்காரர்கள், மாடு இறங்கிக் கலக்கிய ஓடையில்தான் குடிக்கிறார்கள். போன மாதம் ஒருவன் பேதியில் செத்தான்.

வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் விழுந்துவிடும். அதனால்தான் அரிசிக்கடைச் சிதம்பரம் அண்ணாச்சியிடம் நேற்றே சொல்லிவைத்தேன். அவரும் தலையாட்டினார். இன்று தலைவர், "வழிமொழிபவர் யார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வரை ராகு காலமாம்! தீர்மானம் விழுந்தது.

அடுத்தது ஒரு தோட்டத்துத் துரையின் தீர்மானம்: கடைவீதியில் மாட்டுவண்டிகள் நிற்கவே கூடாது. அவர் பேசி முடிக்கவும் மணி பன்னிரண்டு அடித்தது. அண்ணாச்சி துள்ளி எழுந்து, "வழிமொழிகிறேன்" என்றார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள் கைதூக்கி நிறைவேற்றிவிட்டார்கள். கடைவீதியில் நிற்பவற்றில் பாதி அண்ணாச்சியின் வண்டிகள்தான்!

வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா தம்பி, நல்ல நேரத்துல வாயத் தொறந்தேன், ஒடனே நிறைவேறிப்போச்சு! கொழாய் எப்பப் போடுவாங்க?"

நான் வாயைத் திறந்திருந்தால் கையும் நீண்டிருக்கும்.

நாளையும் அதே ஓடைத் தண்ணீர்தான். வண்டிக்காரனுக்குத் தாகம் நேரம் பார்த்தா வருகிறது?