சுகந்திக்கு நான் போட்ட விடுப்பு

அடி என் சுகந்தி,

பள்ளி திறந்து ஆறு வாரமாகிறது. நம் ஈராசிரியர் பள்ளியில் இப்போது தலைமையாசிரியையும் நான்தான், உதவியாசிரியையும் நான்தான். மே மாத விடுமுறையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

இந்த வருஷம் என்ன புதுசு என்றுதானே கேட்பாய்? ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. நாம் மனு மேல் மனு போட்டுக் கேட்ட அதே போர்டுதான். நான் ஆன் செய்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சுவருக்குப் பெயிண்ட் அடித்து ஒட்டகச்சிவிங்கி வரைந்து கொடுத்தார்கள். ஒண்ணாம் வகுப்பில் பதினொரு பேர், அதில் ஆறு பேர் ஒடிசாப் பிள்ளைகள். ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் குழாயைக் காட்டி அழுகை. நீ என்றால் பாதி ஒடியா, பாதி ஜாடை என்று சமாளித்திருப்பாய். எனக்கு அதட்டத்தான் வருகிறது.

மதியம் டப்பாவைத் திறந்தால் சாப்பாடு இறங்குவதில்லை. உன் புளிக்குழம்பைக் குறை சொல்லிச் சொல்லியே சாப்பிட்டுப் பழகிவிட்டேன். சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே பேச ஒரு ஆள் இல்லை.

இனி நான் செய்த கோளாறைச் சொல்கிறேன், திட்டாதே. பள்ளி திறந்த அன்று போனில் ஆசிரியர் வருகை போட்டேன். உனக்குத்தான் தெரியுமே, என் பெயருக்கு ஒரு டிக், கீழே உன் பெயருக்கு ஒரு டிக். கைப்பழக்கத்தில் இரண்டையும் போட்டுவிட்டேன். சாயங்காலம் வட்டார அலுவலகத்திலிருந்து போன். “டீச்சர், இறந்தவங்களுக்கு வருகை போட்டுக்கீறீங்க” என்றார் அந்தத் தம்பி. பாவம், மெதுவாகத்தான் சொன்னார். உன் பெயரை நீக்கி, காரணத்தைப் பதியச் சொன்னார். சரி என்றேன்.

நீக்கவில்லை. மறுநாள் உன் பெயருக்கு நேரே தற்செயல் விடுப்பு என்று போட்டேன். அது தீர்ந்ததும் மருத்துவ விடுப்பு. காய்ச்சலோடு வந்து பாடம் நடத்தியவள் நீ, உனக்கு மருத்துவ விடுப்பாம்! ஆனால் விடுப்பு என்றால் திரும்பி வருகிற ஆள் என்றுதானே அர்த்தம்? காலையில் ஒரு நிமிஷம் எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் தம்பி இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். நெட் கிடைக்கவில்லை என்று புளுகினேன்.

உன் பெயர் இருக்கிறவரை உன் இடம் காலி இல்லை. காலி என்று காட்டாத இடத்துக்கு வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில்கூட ஆள் போட மாட்டார்கள். தெரிந்தேதான் செய்தேன், சுகந்தி. ஐந்து வகுப்பையும் நானே பார்த்துக்கொள்வேன் என்ற திமிர். முடியவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரமெல்லாம் ஒண்ணாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்.

பதினைந்து நாளைக்கு முன் தேவி வந்தாள். செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். ஏப்ரல் வெயிலில் நீ வீடு வீடாக அலைந்து, வேன் வைத்த பள்ளியெல்லாம் வேண்டாம் என்று பேசி, அவள் மகளை நம் ஒண்ணாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொண்டு வந்தாயே, அந்தத் தேவி. நைட் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நின்றாள். மகளுக்கு டீசி கேட்டாள்.

ஏன், நான் ஒருத்தி இல்லையா என்று சுள்ளென்று விழுந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“சுகந்தி டீச்சர் சொன்னாங்கன்னுதான் இங்க வுட்டேன். ஒரு மாசமா வந்து போய்க்கினு கீது, ஒரு எழுத்து எழுதத் தெரியல டீச்சர்.”

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அது உன் வகுப்பு. உன்னைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன் என்று உன் பிள்ளைகளின் படிப்பில் நான்தான் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் பொறுத்துக்கொள் தேவி என்று கெஞ்சிக் கேட்டேன்.

அன்று மதியமே உன் பெயரை நீக்கப் போனை எடுத்தேன். காரணம் கேட்டது. ஓய்வு, இடமாறுதல், இறப்பு. நான் இடமாறுதலை அழுத்தினேன். எந்தப் பள்ளிக்கு என்று கேட்டது. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று எவ்வளவோ அடக்கினேன், முடியவில்லை. நாலாம் வகுப்பு மொத்தமும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. திரையில் பின்னால் போய், இறப்பு என்று போட்டேன். பட்டியலில் என் பெயர் மட்டும் மிஞ்சியது.

நாளை மறைமலை நகரிலிருந்து ஒரு பெண் மாற்றுப்பணியில் வருகிறாள். போனில் பேசினாள். ஒண்ணாம் வகுப்பைத் தனக்குத் தருவீர்களா, சின்னப் பிள்ளைகள் என்றால் தனக்கு உயிர் என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. தேவிக்குச் சொல்லி அனுப்பினேன். டீசி வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்தப் பெண்ணிடம் சிடுசிடுக்க மாட்டேன். உன்னோடு ஒப்பிட்டுப் பேச மாட்டேன். நாளைக் காலை உன் பெயர் இருந்த வரியில் அவள் பெயர் இருக்கும். அதற்கு நேரே வருகை என்று போடுவேன் சுகந்தி, என் கையாலேயே போடுவேன்.

பள்ளிக்கூட கேட் வரைக்கும் டீச்சர், தாண்டினால் உனக்கு என்றைக்கும் அக்கா,
விமலா