ஜான்சிக்கு வாங்கின நாற்காலி

சிதம்பரம்
12.8.2008

அருளு,

கால் வீக்கம் வடிஞ்சுதா? போன்ல கேட்டா பரவாயில்லன்னுதான் சொல்லுவ. அதான் காடாம்புலியூருக்கே எழுதறேன். உங்கம்மா வீட்டுலயாவது நல்லா காலை நீட்டிப் படு.

நம்ம ஜெராக்ஸ் கடைக்கு ஆள் வச்சிட்டேன். ஜான்சின்னு பேரு. காலையில மூணு மணி நேரம் மட்டும் வருவா. வந்த அன்னிக்கே, "அண்ணா, எனக்கு நாற்காலி எங்க?"ன்னு கேட்டா. கடையில என்னோடதைத் தவிர வேற ஏது? உடனே கீழவீதிக்குப் போயி ஒண்ணு வாங்கியாந்தேன்.

ஆள் நின்னாத்தான் கஸ்டமர் உள்ள வருவான்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதுவும் உக்காந்துக்கிட்டே. ஆறு வருஷம் நின்ன. ஜான்சி உக்காந்தபடியே பைண்டிங் போடறா. கூட்டம் கொறையல.

உன் காலைப் பாத்த டாக்டர்கிட்ட, "இவுங்க அம்மாவுக்கும் இப்படித்தான் சார், பரம்பரை"ன்னு முந்திக்கிட்டுச் சொன்னது நான்தான்.

நேத்து ஜான்சி, "அக்கா எதுல உக்காருவாங்க?"ன்னு கேட்டா. உன் நாற்காலி ஒடஞ்சு போச்சின்னு சொல்லிட்டேன்.

நீ வந்ததும் உன்கிட்டயும் கேப்பா. என்ன சொல்லப்போறியோ.

உன் வீட்டுக்காரன்