கூட்டிப்போன அக்கா எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாள்?

என் தங்கமான கோமதி அக்காவுக்கு,

முடித்துவிட்டேன் அக்கா. "இன்னாடி, முடிச்சியா இல்லியா?" என்று வருஷக்கணக்காக என் உயிரை வாங்கினாயே, போன புதன்கிழமை வேலப்பன்சாவடி கல்லூரியில் என்னை முனைவர் என்று அறிவித்துவிட்டார்கள். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள். எனக்குத்தான் சந்தோஷமாக இல்லை. ஏன் என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பிள்ளைகள் குறைந்துபோன அரசுத் தொடக்கப் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. அடுத்த பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் சின்னதுகள் நடந்துவிடும் என்று எழுதியிருந்தேன். நெமிலிச்சேரியில் நம் தெருப் பள்ளியும் என் அட்டவணையில் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து, 'நடக்கும் தூரம்' என்று நேரே போட்டிருந்தேன்.

இப்போது நம் தெருப் பள்ளியைத்தான் இணைக்கப் போகிறார்கள். வரும் திங்கட்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். நான் கருத்தரங்கில் வாசித்த அந்த அட்டவணையை ஒரு அதிகாரி ஆதாரமாக வைத்திருக்கிறாராம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்று உன்னிடம் ஒருமுறை சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? "அப்போ நானும் வருவேன். ஒரு கேள்வி வச்சிகினு கீறேன், அன்னிக்கிதான் கேப்பேன்" என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதும் அது என்ன என்று சொல்லாமல் சிரித்து மழுப்பினாய். அழுத்தக்காரி!

பொது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான் அக்கா. முந்தின நாளே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஜூனியர்களிடம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அவர்கள் எழுந்து கேட்பார்கள், நாங்கள் டாண் டாண் என்று பதில் சொல்வோம், பிறகு எல்லோரும் சமோசா சாப்பிடப் போவோம். நானும் நான்கு சீட்டு கொடுத்திருந்தேன். நான்கும் முடிந்ததும் தேர்வாளர் "வேறு யாராவது?" என்று ஒப்புக்குக் கேட்டார். கடைசி வரிசையில் ஷமீம் அக்கா எழுந்து நின்றார்.

உன்னோடு அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்து மிஷினில் தைத்த அதே ஷமீம் அக்காதான். லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார்.

"கோமதி கேக்கச் சொன்ன கேள்விம்மா. அது இருந்தா அதுவே கேட்டிருக்கும். மேப்புல தூரம் போட்டுக்கீறியே, ஒண்ணாங்கிளாஸ் புள்ளைய கையில புடிச்சிகினு அந்தத் தூரம் நடந்து பாத்தியா? கூட்டிகினு போற அக்காக்காரி அவ ஸ்கூலுக்கு எத்தினி மணிக்குப் போய்ச் சேருவா?"

"அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராதும்மா" என்று என் நெறியாளர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"வருது சார். நான்தான் நடக்கலை" என்றேன்.

உனக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால்தான் எட்டாவதோடு நின்றுவிட்டாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் சொல்லித் திரிந்தாய். அப்போது இந்தப் பக்கம் பள்ளியே கிடையாது. ரயில்வே கேட் திறக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். என்னை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு உன் பள்ளிக்கு ஓடுவாய். போய்ச் சேர்ந்தபோது மணி என்ன என்று ஒரு நாளாவது கேட்டேனா? தாமதமாக வந்தாய் என்று தினமும் உன்னை வெயிலில் முட்டி போட வைத்தார்களாம், ஒரு நாள் நீ போகவே இல்லையாம், அதோடு நின்றுவிட்டாயாம். தேர்வு முடிந்து வெளியே வந்தபோது ஷமீம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையில் இருந்த சமோசாவை என்னால் சாப்பிட முடியவில்லை. ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை?

மறுநாள் காலை, நம் தெருவில் இருக்கும் பவித்ராவையும் அவள் அக்கா தேவியையும் அவர்கள் அம்மாவிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு நடந்தேன். சின்னவள் ஒன்றாவது, பெரியவள் ஏழாவது. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் போனது, அப்புறம் ஒரு லோக்கல். நடுவில் பவித்ரா கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். தேவி இரண்டு பையையும் மாட்டிக்கொண்டு அவளைத் தூக்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்துப் பள்ளியைத் தொட்டுவிட்டு, பவித்ராவையும் கூட்டிக்கொண்டு அங்கிருந்து நேரே தேவியின் பள்ளிக்குப் போனால் பிரேயர் முடிந்து வாசலைச் சாத்தியிருந்தார்கள். நான் முனைவர் என்று வாட்ச்மேனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்கு இன்னா இப்போ?" என்றார். நியாயமான கேள்விதான்.

தேவி என் முகத்தைப் பார்த்தாள். "நம்ம ஸ்கூல மூடிட்டா டெய்லி இப்பிடித்தானா ஆண்ட்டி?"

"இல்லை" என்று சொல்லிவிட்டேன் அக்கா. சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

திருத்தம் எதுவும் தேவையில்லை என்றுதான் தேர்வாளர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இருக்கட்டும், நான் திருத்துவேன். திங்கட்கிழமை கூட்டத்தில் அந்த அட்டவணை தப்பு என்று அதைப் போட்டவளே எழுந்து சொல்வாள். அதிகாரிக்கு நம்பிக்கை வராவிட்டால், மறுநாள் காலை பவித்ராவின் கையைப் பிடித்து அவர் கையில் கொடுப்பேன். அவரே நடந்து பார்க்கட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த கூட்டம், அதற்கடுத்த மனு. நான் விடுவதாக இல்லை.

தேவி எட்டாவதோடு நிற்க மாட்டாள் அக்கா. உன் மேல் சத்தியம்.

நீ வகுப்பில் உட்கார வைத்துவிட்டு ஓடிய உன் தங்கச்சி,
சுமதி